பயிற்சி வண்டியில் இரண்டு சத்தம்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு திருட்டுப் புகார் வாய்மொழியாகத் தரப்பட்டது. திருடு போனது கார் கிளட்ச் செட் ஒன்று, புத்தம் புதியது. புகார் கொடுத்தவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் உரிமையாளர். திருடன் என்று அவர் கை காட்டியது தன் மனைவியின் கூடப்பிறந்த தம்பியை.

புகாரைக் கேட்டுக்கொள்ள வேண்டியவரோ அப்போது அதே பள்ளியின் காரில், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்று அணைக்கவில்லை. அதுவாக அணைந்துவிட்டது.

"மேடம், ஒரு புகார் குடுக்கணும்" என்றார் பக்கத்து இருக்கையிலிருந்த உரிமையாளர். ஊரில் அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் ஓட்டறதைப் பத்தியா?"

"அதுக்கு உங்க ஸ்டேஷன் பத்தாது. இது திருட்டு."

அவர் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறையில் நடந்த கொலையை ஒரு ஜன்னல் திரையின் மடிப்பை வைத்து அவிழ்த்தவர். அவர் எதிரில் உட்கார்ந்து பொய் சொன்னவர்கள் பாதியிலேயே தண்ணீர் கேட்பார்கள். ஆனால் வேலையில் சேர்ந்த நாள் முதல் ஜீப்பும் டிரைவரும் கூடவே இருந்ததால் வண்டி ஓட்ட மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. அந்த டிரைவர் ஓய்வுபெறப் போகிறார் என்றதும், இனி எங்கே போவதானாலும் என் காலில் நானே போவேன் என்று இந்தப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். கொலைகாரர்கள் பயப்படும் அந்த அம்மாளுக்கு முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போவதற்குள் நெற்றி வியர்த்துவிடும்.

வண்டி மறுபடி கிளம்பியது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் முன்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய சத்தம். கீச், கீச், கீச். கூண்டில் அடைத்த குருவி மாதிரி. வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியபோது இன்னொன்று. டொக்.

"கேட்டீங்களா? அந்தக் கீச்சு, அந்த டொக்கு. கிளட்ச் மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டும் கிடையாது. புதுசு போட்ட வண்டி இப்படியா கத்தும்? என் மச்சான் புதுசை வித்துட்டுப் பழசையே கழுவித் துடைச்சுத் திருப்பி மாட்டியிருக்கான். அவன்... கிளட்சுலேருந்து காலை எடுங்க மேடம்!"

இன்ஸ்பெக்டர் சட்டென்று காலை எடுத்தார். அந்த விஷயத்தில் மாஸ்டர் கண்டிப்பானவர். "கியர் மாத்தணும்னா மிதிங்க, மாத்தியாச்சுன்னா காலைக் கீழ வைங்க. வேலை முடிஞ்ச வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே இருக்கக்கூடாது" என்பார். அவரிடம் கற்றவர்கள் கனவில்கூடக் கிளட்ச் மேல் கால் வைத்துக்கொண்டு ஓட்ட மாட்டார்கள் என்று ஊரில் பேச்சு.

*

பாடம் முடிந்தது. வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். இப்போது நாற்காலிகள் மாறிவிட்டன. வியர்ப்பது மாஸ்டரின் முறை.

"புது செட்டை யார் வாங்கினது?"

"நான். சீல் பிரிக்காத பெட்டி. என் கையால அவன்கிட்ட குடுத்தேன்."

"பழைய சாமான் திரும்பி வந்துச்சா?"

"அதான் மேடம் விஷயமே! கழட்டின பழசைத் திருப்பித் தர்றதுதான் மரியாதை. வண்டிக்குள்ள பார்த்தேன், சீட்டுக்கடியில பார்த்தேன். ஒரு ஆணிகூட இல்லை."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேனே. 'பழசு எங்கடா, திருட்டுப் பயலே'ன்னு கேட்டேன்."

"அது கேள்வி இல்லை மாஸ்டர். தீர்ப்பு. அவர் என்ன சொன்னார்?"

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். மடியில கனமில்லைன்னா ஏன் போகணும்?"

"சத்தம் எப்ப ஆரம்பிச்சுது?"

"வண்டி திரும்பி வந்த அன்னிக்கே."

"ரெண்டு சத்தமுமா?"

மாஸ்டர் யோசித்தார். இந்தக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "கீச்சு அன்னிக்கே. டொக்கு... அப்புறமாத்தான். சண்டையெல்லாம் ஆனதுக்கு அப்புறம்."

"சண்டைக்கு முன்னாடி அவர் வண்டியை ஓட்டிப் பார்த்தாரா?"

"தனியா ஒரு சுத்து போயிட்டு வந்து 'ஒண்ணுமே கேக்கலையே மாமா'ன்னான். அப்ப என் காதுல என்ன, பஞ்சா அடைச்சிருக்கு?"

"கிளட்ச் மாத்தணும்னு முதல்ல சொன்னது யாரு?"

"நான்தான். தேஞ்சு போச்சு. மறுநாளே கொண்டுபோய் விட்டுட்டேன்."

"என்ன நடந்ததுக்கு மறுநாள்?"

மாஸ்டர் எழுந்து, சுத்தமாக இருந்த கரும்பலகையை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். "சும்மா, பேச்சுக்குச் சொன்னேன் மேடம்."

இன்ஸ்பெக்டர் விட்டுவிட்டார். ஒரு கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். எப்போது பாதியில் விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

"நாளைக்குச் சாயங்காலம் எங்க பயிற்சிப் பள்ளிச் சங்கத்துக் கூட்டம்" என்றார் மாஸ்டர், பலகையைப் பார்த்தபடியே. "எழுந்து நின்னு சொல்லிடப் போறேன். அப்புறம் இந்த ஊர்ல ஒரு பயிற்சி வண்டி அவன் ஷெட்டுக்குள்ள போகாது."

"நாளைக்குக் காலையில எனக்குப் பாடம் இருக்கில்ல? அது முடியற வரைக்கும் பொறுங்க."

எழுந்து போகும்போது இன்ஸ்பெக்டர் பலகை விளிம்பிலிருந்த நீலச் சாக்பீஸ் துண்டு ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மாஸ்டர் கவனிக்கவில்லை.

*

மாஸ்டரின் மனைவி அலுவலக அறையில் இருந்தார். சாலை விதிகளைச் சொல்லித்தருவது அவர்தான். மாஸ்டருக்குக் கை ஓயாதபோது வண்டியில் பாடம் எடுப்பதும் உண்டு. அழுது முடித்துப் பவுடர் போட்டுக்கொண்ட முகம்.

"மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி மேடம்" என்றார். "புருஷனுக்காகப் பேசினா தம்பி போன் எடுக்க மாட்டேங்கறான். தம்பிக்காகப் பேசினா இவர் சாப்பிட மாட்டேங்கறார்."

"நீங்க பாடம் எடுக்கறப்ப சத்தம் வருதாக்கா?"

"டொக்கு வருது. கீச்சு சத்தியமா வரலை. நானும் ஜன்னலை ஏத்திட்டு, ஃபேனை நிறுத்திட்டு, காதைக் குடுத்துக் கேட்டுட்டேன். சொன்னா, 'உன் தம்பிக்கு நீ பேசாம வேற யாரு பேசுவா'ங்கறார்."

"மாஸ்டர் தனியா ஓட்டறப்ப?"

"அவர் எங்க ஓட்டறார்? முன்னெல்லாம் கடைகண்ணிக்குன்னாக்கூட அவர்தான். ஸ்டியரிங்கை எனக்குத் தரவே மாட்டார். இப்பக் கொஞ்ச நாளா 'நீயே எடுத்துட்டுப் போயிட்டு வா'ங்கறார். கூட வர்றதுமில்லை. முதுகு வலியாம்." அவர் குரல் தாழ்ந்தது. "மேம்பாலத்துல சரிவுல நிறுத்தி எடுக்கறது இருக்கு பாருங்க, அதை அவர் மாதிரிச் சொல்லித்தர இந்த ஊர்லயே ஆள் கிடையாது. அந்தப் பக்கமே இப்பப் போறதில்லை. கேட்டா ட்ராஃபிக்குங்கறார்."

"ஆமாம், எனக்கும் இன்னும் சரிவு ஆரம்பிக்கலை."

"எல்லாமே கோணல்தான் மேடம். ஞாயித்துக்கிழமை அவசரமாக் கிளம்பறேன், டயர் பஞ்சர். இவரோ ஊர்ல இல்லை. பஞ்சர் கடைக்காரரைக் கெஞ்சி வரவழைச்சு ஸ்டெப்னியை மாட்டி, ஒட்டின டயரைத் திரும்பப் போட்டு... வண்டிக்கே நேரம் சரியில்லை."

"வாங்கக்கா. ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

போனார்கள். அதே வண்டி. அதே தெரு. அதே மாணவி. இன்ஸ்பெக்டர் இரண்டு இடத்தில் எஞ்சினை அணைத்தார், ஒரு பூனையைப் பயமுறுத்தினார், மூன்றாவது கியரில் ஓரளவு நேராகவும் ஓட்டினார். வேகத்தடையில் டொக். கீச் மட்டும் வரவே இல்லை.

ஒரு ஆள் உட்கார்ந்தால் கத்துகிறது. இன்னொரு ஆள் உட்கார்ந்தால் வாயை மூடிக்கொள்கிறது. சாட்சிகளில் அப்படிப்பட்டவர்களை இன்ஸ்பெக்டர் நிறையப் பார்த்திருக்கிறார். காரில் இதுதான் முதல் தடவை.

*

மதியம். மெக்கானிக் ஷெட்.

நல்ல ஷெட். தரையில் எண்ணெய்க் கறை இருந்தது, ஆனால் ஸ்பானர்கள் அளவுவாரியாகச் சுவரில் தொங்கின. கழற்றிய போல்ட்டுகள் எந்த வண்டிக்கு எந்தக் கிண்ணம் என்று பிரிந்து கிடந்தன. இப்படி வேலை செய்கிறவன் திருடினால்கூட ரசீது போட்டுத் திருடுவான் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார். ஆனால் நினைப்பது சாட்சியம் ஆகாது.

ஒரு வெள்ளைக் காருக்கடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"போலீசா?" என்றது காருக்கடியிலிருந்து ஒரு குரல். "அக்கா போன்ல சொல்லிச்சு. அரெஸ்ட் பண்றதுன்னா இந்த நட்டை முடுக்கிட்டு வந்துடறேன். பாதியில விட்டா வண்டிக்காரர் பாவம்."

"கால்கிட்ட பேசி எனக்குப் பழக்கமில்லை தம்பி. மூஞ்சியைக் காட்டுங்க."

அவர் படுத்திருந்த சக்கரப் பலகை உருண்டு வெளியே வந்தது. மெலிந்த மனிதர். அக்காவின் அதே மூக்கு. கோபம் வடிந்து வருத்தமாக மாறிவிட்டிருந்த கண்கள்.

"புது செட்டை மாட்டினீங்களா?"

"மாட்டினேன்."

"அப்ப சத்தம் ஏன் வருது?"

"வரலை மேடம். நான் ஓட்டிப் பார்த்தேன். நிக்க வெச்சுப் பார்த்தேன். கிளட்சுக்குள்ள ரிலீஸ் பேரிங்னு ஒண்ணு இருக்கு. பெடலை மிதிச்சா அது முன்னாடி வந்து சுத்தறதோட ஒட்டிக்கும். விட்டா ஒதுங்கிடும். பழசா இருந்தா மிதிச்ச உடனே கத்தும். மிதிச்சேன், கத்தலை. விட்டேன், கத்தலை. நான் என்ன பண்ண?"

"முழுசா மிதிக்காம, விடவும் விடாம, நடுவுல வெச்சா?"

மெக்கானிக் அவரை நிமிர்ந்து பார்த்தார். இன்ஸ்பெக்டர்கள் இப்படிக் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அப்பக் கத்தலாம். பட்டும் படாமலும் உரசும் இல்ல? புதுசுகூடக் கத்தும். அப்படியே வெச்சிருந்தா கருகிடும், ஒரு நாள் நடுரோட்டுல கைவிட்டுடும். ஆனா அப்படி யாரு ஓட்டுவா? ஓட்டத் தெரியாதவங்கதான்."

"நான் ஓட்டத் தெரியாதவதான்."

"மாமா பக்கத்துல இருந்தா நீங்க அப்படி வெக்க முடியாது மேடம். பாதத்தையே பார்த்துக்கிட்டிருப்பார். எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுத்ததே அவர்தான். அந்த விஷயத்துல அவரை மிஞ்ச ஆளில்லை." சொல்லி முடித்த பிறகுதான் யாரைப் புகழ்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டார்.

"பழைய சாமான் எங்க?"

"எங்க வெக்கணுமோ அங்க வெச்சேன். அவருக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே திருடன்னு சொன்னா, நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?"

"எனக்குச் சொல்லலாமே."

"அவர் வந்து ஒழுங்காக் கேக்கட்டும்."

அந்த நேரம் வெள்ளைக் காரின் சொந்தக்காரர் வந்தார். மெக்கானிக் பேச்சை நிறுத்திவிட்டு, வேலை முடிந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். மூலையிலிருந்த ஒரு சாக்குப்பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். டிக்கி திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு வந்து சாவியைக் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். முதல்முறையாக அன்று அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"நாளைக்குக் காலையில பள்ளிக்கு வாங்க தம்பி."

"வர மாட்டேன்."

"சம்மன் இல்லை. கூப்பிடறேன். அக்காவுக்காக."

*

சனிக்கிழமை காலை. பாட நேரம்.

மாஸ்டர் வருவதற்கு முன்பே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பயிற்சி கொடுப்பவரின் பக்கத்துக் கதவைத் திறந்து, எதையோ தொலைத்தவர் மாதிரிக் குனிந்து சற்று நேரம் துழாவினார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் போய் அமர்ந்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், இன்னிக்கு ஒரு சோதனை. நேர் ரோடு மட்டும்தான். நீங்க உங்க பக்கத்துப் பெடலைத் தொடவே கூடாது. நானே சமாளிக்கறேன்."

பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அவர் முகத்தில் அச்சம் தெரிந்தது. ஆனால் தலையாட்டினார்.

கிடங்குகள் இருக்கும் தெரு. இன்னும் எதுவும் திறக்கவில்லை, ஆள் நடமாட்டமில்லை. இந்த ஒரு ஓட்டத்தில் தடுமாறினால் மாஸ்டர் உதவிக்கு வந்துவிடுவார், சோதனை பாழ். இன்ஸ்பெக்டர் பெடலை மிதித்தார். முதல் கியர். மெதுவாக, கண்ணாடிப் பாத்திரத்தை இறக்கி வைப்பது போல, காலை மேலே கொண்டுவந்தார். வண்டி குலுங்காமல் நகர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. காலைக் கீழே வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தெரு முழுவதையும் எஞ்சினை அணைக்காமல் ஓட்டினார்.

கீச், கீச், கீச்.

"கேக்குதா?" என்றார் மாஸ்டர், வெற்றியோடு.

"கேக்குது. பெடலைத் தொட்டீங்களா?"

"சத்தியமாத் தொடலை மேடம். நீங்க சொன்னதுக்கு அப்புறம் தொடுவேனா?"

அவர் பொய் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அது தெரியும். பொய்க்கு ஒரு குரல் உண்டு. இது அந்தக் குரல் இல்லை.

பள்ளி வாசலில் மாஸ்டரின் மனைவி நின்றிருந்தார். இரண்டடி தள்ளி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, மெக்கானிக்கும். மச்சானைப் பார்த்ததும் மாஸ்டர் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியே இருங்க மாஸ்டர்" என்றார் இன்ஸ்பெக்டர், இறங்கியபடி. "நீங்க ரெண்டு சத்தத்தையும் ஒரே ஆள்னு நினைச்சு விசாரிச்சீங்க. அதான் தப்பு. ரெண்டு பேர் மேல சந்தேகம்னா தனித்தனி அறையில உட்கார வெச்சுக் கேக்கணும். கீச்சு வேற, டொக்கு வேற. பிறந்த நாளே வேற. முதல்ல டொக்கு."

வண்டியின் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். சுத்தமாக இருந்தது. விரிப்பைப் பிடித்துத் தூக்கினார். ஸ்டெப்னி டயர். அதன் பக்கத்தில், டயருக்கும் தகட்டுக்கும் நடுவில், கட்டு அவிழ்ந்த ஒரு சாக்குப்பொட்டலம். கையை விட்டு ஆட்டிக் காட்டினார்.

டொக்.

சாக்கைப் பிரித்தார். தேய்ந்து வழவழவென்றாகிப்போன பழைய கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், நிறம் மங்கிய பேரிங்.

"தம்பி ஒவ்வொரு வண்டியிலயும் பழைய சாமானை இங்கதான் வெப்பார். ஸ்டெப்னிக்கு நடுவுல ஆடாமச் சொருகி வெப்பார், அதனால முதல்ல சத்தம் இல்லை. ஞாயித்துக்கிழமை பஞ்சர் கடைக்காரர் ஸ்டெப்னியை எடுத்தார், திரும்பப் போடறப்ப பொட்டலத்தை ஓரமாப் போட்டுட்டார். அன்னிலேருந்து டொக்கு."

"நீங்க விரிப்பைத் தூக்கிப் பார்க்கவே இல்லையா மாமா?" மெக்கானிக்கின் குரல் உடைந்தது. "பார்த்துட்டுத்தான் வேணும்னே சொல்றீங்கன்னு நினைச்சேன்."

மாஸ்டர் இருக்கையில் திரும்பி அந்தத் தேய்ந்த பிளேட்டையே பார்த்தார். தான் திருடன் என்று சொன்னவனின் நேர்மை, ஒவ்வொரு வேகத்தடையிலும் தன் முதுகுக்குப் பின்னால் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பிறகு, பிடி விடாமல், "அப்ப... கீச்சு?" என்றார்.

"இடது காலைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்க மாஸ்டர்."

கதவைத் திறந்து அவர் காலை நீட்டினார். கறுப்பு ஷூவின் அடியில், பாதத்தின் முன்பகுதியில், பளிச்சென்று நீலம். தவறி ஒருமுறை பட்ட தீற்றல் இல்லை. பெடல் ரப்பரின் வரிகள் ஒவ்வொன்றும் அச்சடித்தது போல.

"காலையில உங்க பக்கத்துக் கிளட்ச் பெடல்ல சாக்பீஸைப் பூசி வெச்சேன். தெரு முழுக்க உங்க கால் அது மேலதான் இருந்திருக்கு. மிதிக்கலை, விடவும் இல்லை. பட்டும் படாமலும். அதான் புது பேரிங் கத்துது. அக்கா உட்கார்ந்தா கத்தலை. தம்பி தனியா ஓட்டினா கத்தலை. நீங்க உட்கார்ந்தா மட்டும் கத்துது. மாணவங்க காலையெல்லாம் நீங்க பார்த்துக்கிட்டிருந்தீங்க. உங்க காலைப் பார்க்கத்தான் வண்டியில ஆளில்லை."

"நானா?" மாஸ்டர் தன் காலை வேறு யாருடையதோ மாதிரிப் பார்த்தார். "ஊரையே காலை எடு, காலை எடுன்னு கத்தற நானா?"

"உங்களுக்கே தெரியாது. அதனாலதான் நீங்க பொய் சொல்லலை." இன்ஸ்பெக்டர் கதவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். விசாரணை அறையில் அவரைப் பார்த்தவர்கள் அந்தக் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள். "நேத்து பாதியில விட்ட கேள்வியை இப்பக் கேக்கறேன். என்ன நடந்ததுக்கு மறுநாள், மாஸ்டர்?"

மாஸ்டர் ஷூவின் அடியிலிருந்த நீலத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"மேம்பாலம்" என்றார் கடைசியில். "சரிவுல நிறுத்தி எடுக்கச் சொன்னேன். அந்தப் பொண்ணு எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணினா. எஞ்சின் உறுமுது, வண்டி ஏறலை. தேஞ்ச கிளட்ச். பின்னாடி போகுது. நான் காலைக் கீழ வெச்சு சாவகாசமா உட்கார்ந்திருந்தேன். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் கால் போய்ச் சேர்றதுக்குள்ள... பின்னாடி ஒரு அம்மா, சைக்கிள்ல. முன்னாடி கூடையில குழந்தை. பம்பர் சைக்கிள் சக்கரத்தைத் தொட்டு நின்னுச்சு."



"யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அந்தக் குழந்தை விளையாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சுது மேடம். எனக்கு டாட்டா காட்டிச்சு." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "மறுநாளே வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். கிளட்சை மாத்தினாச் சரியாயிடும்னு நினைச்சேன்."

கிளட்ச் மாறியது. கால் மாறவில்லை. இனி ஒருமுறை தாமதமாகிவிடக்கூடாது என்று, சொந்தக்காரரையும் கேட்காமல், அது பெடலின் மேலேயே காவல் காத்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவி திறந்த கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்டகூடச் சொல்லலையேங்க."

"என்னன்னு சொல்லுவேன்? ஊருக்கே சொல்லிக்குடுக்கறவனுக்கு உட்காரப் பயமா இருக்குன்னா?"

மெக்கானிக் முன்னால் வந்தார். குனிந்து, பெடலைக் கையால் அழுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். "பேரிங் இன்னும் கெடலை. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா கருகியிருக்கும். சரிவுல கைவிட்டிருந்தா திரும்ப அதே கதை." நிமிர்ந்தார். "இறங்குங்க மாமா."

"மச்சான், நான் சொன்னதெல்லாம்..."

"திருடன்னு சொன்னதை அப்புறம் பேசிக்கலாம். அதை நான் சும்மா விடப் போறதில்லை. இப்ப ஸ்டியரிங் பக்கம் போங்க."

மாஸ்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "புகார்..."

"நீங்க எழுதிக் குடுக்கவே இல்லையே. போங்க மாஸ்டர். என் பாட நேரம் இன்னும் மிச்சம் இருக்கு. பின்சீட்டுல உட்கார்ந்து கத்துக்கறேன். அங்க உட்கார எனக்கு நல்லாவே வரும்."

*

மேம்பாலத்தில் வண்டிகள் குறைவாகத்தான் இருந்தன. மாஸ்டர் ஓட்டினார். பின்னால் அவர் மனைவியும் இன்ஸ்பெக்டரும். பயிற்சி கொடுப்பவரின் இருக்கையில் மெக்கானிக், ஷூவைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே இருந்த பெடல்கள் இரண்டும் அநாதையாகக் கிடந்தன.

"காலைக் கீழ போடு மச்சான். ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆகாது. நான் மாட்டின கிளட்ச், நீங்க ஓட்டற வண்டி. நடுவுல என் கால் எதுக்கு?"

சரிவின் நடுவில், பாலம் மிகவும் செங்குத்தாக இருக்கும் இடத்தில், மாஸ்டர் வண்டியை நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். உள்ளங்கையை வேட்டியில் துடைப்பவர் மாதிரிக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அந்த முகத்தைக் கண்ணாடியில் கவனித்தார். தன் கைகளும் முன் இருக்கையின் முதுகைப் பிடித்திருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கிளட்ச் மெல்ல மேலே வந்தது. வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கியது. ஹேண்ட்பிரேக் இறங்கியது. கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அவர் காலின் கீழ் அப்படியே நின்றது. கண்ணாடிக் குண்டை விரல் நுனியில் நிறுத்தியவர் மாதிரி மாஸ்டர் அதை அங்கேயே வைத்திருந்தார். இன்ஸ்பெக்டருக்கு மெய்சிலிர்த்தது. இவ்வளவு நாளும் இவர் கற்றுக்கொடுக்க முயன்றது இதைத்தானா என்று இருந்தது.

"சத்தம் ஏதாவது வருதா?" என்று மெதுவாகக் கேட்டார் அவர் மனைவி.

எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"வருது" என்றார் மெக்கானிக்.

மாஸ்டரின் முகம் வெளுத்தது. "என்ன சத்தம்?"

"பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். கிளட்ச் புதுசு மாமா, இங்கயே வெச்சு அழகு பார்த்துத் தேய்ச்சுடாதீங்க. போங்க."

மாஸ்டர் போனார்.